வென்ச்சர் என்றால் துணிச்சல் வேண்டும்

கேள்வி: எங்கள் நிறுவனம் புதுக் கிளை திறக்கிறது. அழைப்பிதழில் 'நியூ வென்ச்சர்' என்று போட்டிருக்கிறார்கள். அகராதியோ 'துணிகர முயற்சி' என்கிறது. கிளை திறப்பதில் என்ன துணிகரம்?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. போட்ட பணம் போனாலும் போகலாம் என்று தெரிந்தே இறங்குகிற காரியம்தான் வென்ச்சர். நன்றாக ஓடுகிற தொழிலுக்கு இன்னொரு கிளை என்றால் 'நியூ பிராஞ்ச்' போதும். ஆனால் அதே நிறுவனம் இதுவரை கை வைக்காத தொழிலில், பழக்கமில்லாத சந்தையில் முதல் போட்டு இறங்குகிறது என்றால் வென்ச்சர் என்று தாராளமாக எழுதலாம்.

'அட்வென்ச்சர்' இதற்கு உடன்பிறப்பு. இரண்டுக்கும் லத்தீன் வேர் ஒன்றுதான், 'வரப்போவது' என்று பொருள். வரப்போவது நல்லதா கெட்டதா என்று யாருக்குத் தெரியும்? அப்புறம் இரண்டும் பிரிந்துவிட்டன. அட்வென்ச்சரில் சிலிர்ப்பு தூக்கல், வென்ச்சரில் நஷ்ட பயம் தூக்கல்.

வென்ச்சர் கேப்பிடலை, அதாவது துணிகர முதலீட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுத்தவர் வட்டியோடு திருப்பிக் கேட்பார், துணிகர முதலீட்டாளரோ பங்கு வாங்கியவர், கம்பெனி மூழ்கினால் அவர் பணமும் சேர்ந்து மூழ்கும். 1957-இல் ஜார்ஜ் டோரியோ நடத்திய அமெரிக்க முதலீட்டு நிறுவனம், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற புத்தம்புது கணினி கம்பெனியில் 70,000 டாலர் போட்டது; அது பின்னால் பல கோடி டாலராகப் பெருகியது. இப்படி ஒன்று ஜெயிக்கும் என்ற நம்பிக்கையில்தான் மற்ற பல முதலீடுகளின் நஷ்டத்தைத் தாங்குகிறார்கள்.

வினைச்சொல்லாக வரும்போதும் இந்தத் துணிச்சல் கூடவே வர வேண்டும். கொட்டும் மழையில் வெளியே போனவரை 'ஷி வென்ச்சர்ட் அவுட்' எனலாம். தினமும் போகிற அலுவலகத்துக்கு 'ஐ வென்ச்சர்ட் டு த ஆபீஸ்' என்று எழுதினால், வழியில் என்ன கலவரமோ என்று படிப்பவர் பதறிவிடுவார். எனக்கு மிகவும் பிடித்தது 'மே ஐ வென்ச்சர் அன் ஒப்பீனியன்?' என்ற பிரயோகம். பெரியவர்கள் கூடிப் பேசும் இடத்தில் இளையவர் ஒருவர் தயங்கித் தயங்கி வாய் திறக்கிறார் பாருங்கள், அந்தத் தயக்கம், ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம், அதையும் மீறிப் பேசுகிற தைரியம் எல்லாமே அந்த ஒரு வினையில் இருக்கிறது.

கேள்வி: 'நத்திங் வென்ச்சர்ட், நத்திங் கெய்ன்ட்' என்பதும் நம் 'துணிந்தவனுக்குத் துக்கமில்லை'யும் ஒன்றுதானே?

பதில்: கிட்டத்தட்ட. ஆனால் ஆங்கிலப் பழமொழி லாபத்தைப் பற்றிப் பேசுகிறது, துணியாதவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்கிறது. நம்முடையது மனதைப் பற்றியது. துணிந்தபின் தோற்றாலும் வருத்தமில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். மொழிபெயர்க்கும்போது இடம் பார்த்துப் போடுங்கள். வியாபாரப் பேச்சில் 'முதல் போடாமல் லாபம் ஏது?' என்பதே இன்னும் பொருத்தம்.