ஈரச் சட்டை (கடிதம்)

அன்புள்ள ஐயா,

மாலை நேரத்தில் ஆறு குழந்தைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தருகிறேன். எட்டு, ஒன்பது வயது. தட்டுத்தடுமாறியாவது படித்துவிடுகிறார்கள், ஆனால் என்ன படித்தாய் என்றால் விழிக்கிறார்கள். பத்திக்குப் பத்து கேள்வி கேட்டுப் பார்த்தேன். பத்தியில் அப்படியே இருப்பதைச் சொல்கிறார்கள், கொஞ்சம் யோசிக்க வேண்டியது வந்தால் மௌனம். கற்பனையே இல்லாத பிள்ளைகள் என்று தோன்றுகிறது. நல்ல வினா வங்கி ஏதாவது சொல்வீர்களா? பத்திக்கு எத்தனை கேள்வி போதும்? விடையை எழுத வைக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

எத்தனை கேள்வி என்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. எழுத வைக்காதீர்கள், அந்த வயதில் பாதிக் கவனம் எழுத்துப் பிழைக்குப் பயப்படுவதிலேயே போய்விடும்.

தட்டுத்தடுமாறி என்கிறீர்கள், அதை முதலில் பாருங்கள். அதே பத்தியை நீங்கள் வாசித்துக்காட்டிவிட்டுக் கேளுங்கள். காதால் கேட்டால் புரிகிறது, கண்ணால் படித்தால் புரியவில்லை என்றால் அந்தக் குழந்தைக்குச் சிக்கல் எழுத்தில்தான். எழுத்தோடு மல்லுக்கட்டியே களைத்துப்போகிற பிள்ளையைக் கேள்வியால் குடைந்து பயனில்லை, சரளமாக வாசிக்க இன்னும் பழக்குங்கள். காதால் கேட்டும் புரியவில்லை என்றால் அது வேறு கதை.

ஆனால் கற்பனையே இல்லாத பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சும்மா விட முடியாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கற்பனை இல்லை என்று எப்படி எழுத மனம் வந்தது? வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை என்று ஒருநாள் கேட்டு, அவர்கள் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். இல்லாமல் போனது கற்பனை அல்ல. அதற்கு இங்கே வேலை உண்டு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்கும் யாரும் சொல்லவில்லை. 'பத்தியைப் படித்து விடையளி'யில் நான் எப்போதும் முழு மதிப்பெண். என் வித்தை இதுதான்: பத்தியைப் படிக்கவே கூடாது. கேள்வியில் இருக்கும் பெரிய சொல்லைப் பிடி, பத்தியில் அது எங்கே என்று தேடு, அந்த வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை எழுது. இதைப் பக்கத்து பெஞ்சுக்கும் கற்றுக்கொடுத்தேன். நான் ஒரு வரிகூடப் புரிந்துகொள்ளாமல் வகுப்பு வகுப்பாகத் தாண்டி வந்தவன் என்று எந்த ஆசிரியருக்கும் தெரியாது. பதின்மூன்று வயதில் முதல்முறையாக ஒரு கதைப் புத்தகத்தை எடுத்தபோது பத்துப் பக்கம் போய், இதுவரை வந்தவர்கள் யார் யார் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த அவமானம் இன்னும் இருக்கிறது.

நம்பிக்கை வரவில்லை என்றால் இதைப் படியுங்கள்: 'நேற்று மாலை ஒரு தொக்கிலி மிரவத்தில் கிறுவலாகச் சுழப்பியது.' சுழப்பியது எது? தொக்கிலி. எங்கே? மிரவத்தில். எப்படி? கிறுவலாக. மூன்றுக்கு மூன்று. இப்போது தொக்கிலி என்றால் என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். வாக்கிய அமைப்பே விடையைக் கையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. உங்கள் பத்து கேள்வியில் எத்தனை இந்த ரகம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது கேள்வி இல்லை, விசாரணை. 1970களின் கடைசியில் டோலோரஸ் டர்க்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் நாலாம் வகுப்பு வாசிப்புப் பாடங்களில் உட்கார்ந்து கடிகாரத்தோடு கவனித்தார். 4,469 நிமிடங்களில், எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லித் தந்தது 20 நிமிடம். மற்றபடி கேள்வி கேட்பதும் பயிற்சித்தாள் கொடுப்பதும்தான் அதிகம். அதாவது புரிந்ததா புரிந்ததா என்று சோதித்துக்கொண்டே இருந்தார்கள், புரியவைக்கவில்லை. நீங்கள் செய்வதும் இதுதான், கோபப்படாதீர்கள்.

அப்புறம் அந்த மௌனம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து கேட்டார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சுமார் ஒரு நொடிதான் பொறுத்தார்கள். மூன்று நொடியாக்கியதும் விடைகள் நீண்டன, வாயே திறக்காதவர்கள் பேசினார்கள், பிள்ளைகளே திருப்பிக் கேள்வி கேட்கவும் தொடங்கினார்கள். மூன்று நொடி என்றால் சின்ன விஷயமாகத் தெரியும். வகுப்பில் நின்று பாருங்கள், யுகம்.

பிள்ளைகளே கேட்பது என்றேனே, நான் சொல்ல வந்ததே அதுதான். 1984இல் பாலின்சார், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள், வாய்விட்டுத் தடையில்லாமல் வாசிக்கிற, ஆனால் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் செய்தது இது: அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாத இடத்தைத் தெளிவாக்கிக்கொள்வது, சுருக்கிச் சொல்வது. முதலில் ஆசிரியர் செய்துகாட்டுவார், பிறகு ஒவ்வொரு மாணவரும் முறைவைத்து ஆசிரியராக உட்காருவார். படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. புரியாத பிள்ளை எதைக் கேட்கும்?

சில வருடங்களுக்கு முன் என்னிடம் நாலு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்காக நானே நாலு வரி எழுதினேன்: 'அவன் கதவைத் திறந்தான். குடையை மடக்கி மூலையில் சாய்த்தான். விளக்கைப் போட்டான். ஈரச் சட்டையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.' மழை என்ற சொல் எங்கேயும் இல்லை, வெளியே என்ன நடந்தது என்று கேட்டு மடக்கலாம் என்பது என் சாமர்த்தியம். அன்றைக்கு ஏனோ கேட்கவில்லை. வாசித்துவிட்டு, "விளக்கைப் போட்டான் என்றால் அதுவரை உள்ளே இருட்டாகத்தானே இருந்திருக்கும், வீட்டில் யாரும் இல்லையோ?" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னேன். சொல்லிவிட்டு, "உங்களுக்கு ஏதாவது இடிக்கிறதா?" என்றேன். நீண்ட நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், மூன்று மாதமாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டாள்:

"குடை இருந்ததே, அப்புறம் சட்டை ஏன் நனைந்தது?"

எழுதிய எனக்கே அது தோன்றியிருக்கவில்லை. உண்மையில் அது என் கவனக்குறைவு. காற்று அடித்திருக்கும் என்றான் ஒருவன். குடை ஓட்டை என்றான் இன்னொருவன். இல்லை, அதை வேறு யாருக்கோ பிடித்துக்கொண்டு வந்திருப்பான் என்றாள் அவளே. சரி, அந்த ஆள் எங்கே? வீடு ஏன் இருட்டு? நாலு பேரும் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார்கள், யாரும் சொல்லாமலே.

வினா வங்கி கேட்டிருந்தீர்கள், என்னிடம் இல்லை. அந்த நாலு வரியை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையை மட்டும் உலர்த்திவிடாதீர்கள்.