ஊர்ல சராசரி ஆயுள் 73, அம்மாவுக்கு 72

கேள்வி: அக்கா, எங்கம்மா தஞ்சாவூர்ல இருக்காங்க, வயசு 72. தமிழ்நாட்டுல சராசரி ஆயுள் 73, சிங்கப்பூர்ல 83ன்னு வாட்சப்ல வந்ததைப் படிச்சதுலேர்ந்து மனசே சரியில்ல, பேசாம இங்கயே கூட்டிட்டு வந்துடலாமான்னு தோணுது. ஆனா ஆபீஸ்ல ஒருத்தர், இறப்பு விகிதம் இந்தியாவைவிட ஜப்பான்லதான் ரெண்டு மடங்குங்கிறாரு. எதை நம்புறது?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முதல்ல பயத்தை விடும்மா. 73ங்கிறது அம்மாவுக்கு வச்ச கெடு கிடையாது, இப்பப் பொறக்குற குழந்தைக்குப் போடுற கணக்கு. அந்தக் கணக்குல ஒரு வயசு முடியறதுக்குள்ள போன குழந்தையும் இருக்கு, பைக்ல அடிபட்டு இருபத்தஞ்சுல போன பையனும் இருக்கான், அவங்கதான் சராசரியைக் கீழ இழுக்குறாங்க. அம்மா அதையெல்லாம் தாண்டி வந்தவங்க. 70ஐத் தொட்டவங்களுக்கு நம்ம ஊர்லயும் சராசரியா இன்னும் 10 வருஷத்துக்கு மேல இருக்கு.

ஆபீஸ்காரர் சொன்ன நம்பரும் சரிதான். 2020ல இந்தியாவுல ஆயிரம் பேருக்கு 6 பேர் இறந்தாங்க, ஜப்பான்ல இப்ப 12க்கும் மேல. ஆனா ஜப்பான்ல நூறுல கிட்டத்தட்ட 29 பேர் 65 தாண்டினவங்க, இந்தியாவுல 7 பேர்தான், முதியோர் இல்லத்தையும் காலேஜ் ஹாஸ்டலையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா எங்க சாவு அதிகமா இருக்கும்? அதனாலதான் ரெண்டு நாட்டுக்கும் ஒரே மாதிரி வயசுக் கலவை இருக்கிறதா வச்சுக்கிட்டு திரும்பக் கணக்குப் போடுவாங்க, உலக சுகாதார நிறுவனம் அதுக்குன்னே ஒரு பொது அளவு வச்சிருக்கு. அப்படிப் போட்டா ஜப்பானோட இறப்பு விகிதம் இந்தியாவைவிடக் கீழ போயிடும்.

யாரை எண்ணினாங்கன்னும் பாரு. சிங்கப்பூரோட 83ல குடிமக்களும் பிஆர்ங்கிற நிரந்தரவாசிகளும்தான். துவாஸ் டார்மிட்டரில, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதில, இருக்கற தம்பிங்க அதுல இல்ல, அவங்க வேலை பார்க்குற வயசுல இங்க இருந்துட்டு உடம்பு தேயற காலத்துல ஊருக்குப் போயிடுறாங்க, அந்த நோவெல்லாம் ஊர்க்கணக்குலதான் சேருது. எனக்கு இது ரொம்ப உறுத்துற விஷயம்.

சும்மா "உடம்பு எப்படி இருக்கு"ன்னு கேட்டு எடுக்குற சர்வேல இன்னும் குழப்பம். இந்தியாவுல உடம்பு சரியில்லன்னு நிறையப் பேர் சொல்றது கேரளாவுல, பீகார்ல சொல்றவங்க கம்மி, ஆனா ஆயுள் அதிகம் கேரளாவுலதான். இதைப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 2002லயே எழுதிட்டாரு. டாக்டரைப் பார்க்க வழி இருக்கறவங்களுக்குத்தான் தனக்கு என்ன நோய்னே தெரியும், பாக்கிப் பேர் மூட்டுவலியை வயசுக்கோளாறுன்னு விட்டுடுவாங்க.

என்னைக் கேட்டா ஆயுளைவிட, அதுல எத்தனை வருஷம் நல்லா இருந்தோம்ங்கிற கணக்குதான் பெருசு. 2017க்கு சிங்கப்பூருக்குப் போட்ட ஒரு கணக்குல ஆயுள் 84.8, நல்ல உடம்போட 74.2. மீதிப் பத்தரை வருஷம் எப்படிப் போகும்னு எங்க வீட்லயே பார்த்தேன், என் மாமியார் வாரம் மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலில, கையை அசைக்காம, போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. ஆரம்பிச்சது சர்க்கரைல. அவங்களும் 80ஐத் தாண்டினாங்க, சராசரி ஏறித்தான் இருக்கும்.

அதனால நம்பருக்காக அம்மாவை ஊரை விட்டுப் பெயர்த்து எடுக்காதே. ரொம்ப நாள் தங்குறதுக்கான லாங் டேர்ம் பாஸ்ல வந்தா பாலிகிளினிக்ங்கிற அரசு மருத்துவமனைல மானியமும் கிடைக்காது, பகலெல்லாம் எச்டிபி அடுக்குமாடி வீட்ல தனியா வேற இருக்கணும். இந்த வாரம் போன் பண்றப்ப மூணு மாச சராசரி சர்க்கரையும் பிரஷரும் கடைசியா எப்பப் பார்த்தாங்கன்னு கேளு. ஆறு மாசத்துக்கு மேல ஆச்சுன்னா யாரையாவது கூட அனுப்பிப் பார்க்கச் சொல்லு, சர்க்கரை இருந்தா கண்ணையும் பாதத்தையும் சேர்த்து.