வாசகர் கேள்வி – பதில்: குரு கோம்கேயின் 30 எழுத்துகள்

கேள்வி: சந்தால் பழங்குடியினரின் மொழியான சந்தாலியை எழுத வங்காளம், ஒடியா, தேவநாகரி, ரோமன் என்று ஏற்கெனவே நான்கு எழுத்து முறைகள் இருந்தனவே. ரகுநாத் முர்மு ஏன் ஐந்தாவதாக ஒன்றை உருவாக்கினார்?

பதில்: நான்கு இருந்ததுதான் சிக்கலே. ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், ஒடிசா, பீகார், அசாம் என்று சந்தால்கள் பரவி வாழ்கிறார்கள். ஒடியா எழுத்தில் அச்சான பாட்டுப் புத்தகத்தை ஜார்க்கண்டின் தும்காவில் இருப்பவரால் படிக்க முடியாது. பேச்சு ஒன்று, வாசிப்பு வேறு வேறு.

இன்னொரு காரணம் ஒலி. சந்தாலியில் சொல்லின் இறுதியில் க், ச், த், ப் போன்ற ஒலிகள் வாய்க்குள்ளேயே அடைபட்டு, வெளிவிடாமல் நிற்கும். தண்ணீரைக் குறிக்கும் ‘தாக்’ அப்படித்தான் முடிகிறது. வங்காளத்திலும் ஒடியாவிலும் இதற்குத் தனி எழுத்து கிடையாது. நார்வே நாட்டுப் பாதிரியார் போடிங், ரோமன் எழுத்தில் மேற்குறிகள் போட்டு இதைத் துல்லியமாகவே எழுதினார். ஐந்து தொகுதி அகராதியும் தந்தார். ஆனால் அந்தக் குறிகளை ஊர் அச்சகத்தில் கோப்பது பெரும்பாடு.

ஒடிசாவின் மயூர்பஞ்சில், ராய்ரங்பூர் பக்கத்து தண்ட்போஸ் கிராமத்தில் 1905-இல் பிறந்த முர்மு, 1925-இல் ‘ஒல் சிக்கி’ என்ற இந்த எழுத்து முறையை அமைத்தார். பள்ளி ஆசிரியர். எழுத்தை மட்டும் கொடுத்தால் யாரும் கற்கமாட்டார்கள் என்பதை நன்றாக அறிந்தவர். அதனால் அதிலேயே நாடகம் எழுதினார். ‘பிது சந்தன்’ நாடகத்தில் காதலர் இருவரும் தங்கள் மனத்தை இந்த எழுத்தில்தான் எழுதிக் காட்டுகிறார்கள். மரத்தில் அச்சு எழுத்துகள் செதுக்கி, சிறு அச்சு இயந்திரமும் செய்து பார்த்தார். சந்தால்கள் அவரைக் ‘குரு கோம்கே’ (பெரும் ஆசான்) என்றே அழைக்கிறார்கள். அந்த மரியாதை அவர் உழைப்புக்குக் கிடைத்தது.

கேள்வி: தமிழ் மட்டும் தெரிந்தவர் இதைக் கற்க முடியுமா?

பதில்: தாராளமாக. மொத்தம் 30 எழுத்து: உயிர் 6, மெய் 24. ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து. ஒவ்வொரு வரிசையும் ஓர் உயிரில் தொடங்கும். பின்வரும் நான்கு மெய்களின் பெயரும் அதே உயிரில் ஆரம்பிக்கும். ஆகவே வரிசையாகப் பாடம் செய்தாலே பாதி வேலை முடிந்தது. பல எழுத்துகளின் வடிவம் பொருளிலிருந்து வந்தது; ‘உத்’ என்ற எழுத்துக்குக் காளான்தான் பெயரும் வடிவமும்.

நம்மவர் தடுமாறும் இடங்கள் மூன்று. முதலாவது, மெய்யெழுத்தைப் பார்த்ததும் அகரம் சேர்த்துப் படித்துவிடுவது. ஒல் சிக்கியில் மெய் என்றால் வெறும் மெய், புள்ளி தேவையில்லை. உயிர்மெய்க் குறிகளும் இல்லை. கொம்பு, கால் எதுவும் கிடையாது, உயிரை முழு எழுத்தாக மெய்க்குப் பின்னால் எழுத வேண்டும். இரண்டாவது, மூச்சொலி. ‘க்ஹ’, ‘த்ஹ’ போன்றவற்றுக்குத் தனி எழுத்தைத் தேடாதீர்கள்; மெய்க்குப் பின் ‘ஒஹ்’ என்ற எழுத்தைச் சேர்த்தால் போதும். மூன்றாவதுதான் கடினம்: அடைபடும் நான்கு எழுத்துகளும் சொல் இறுதியில் அடைபட்டு ஒலிக்கும், பின்னால் உயிர் வந்தால் அதிர்ந்து ஒலிக்கும். இறுதியிலும் அதிர வேண்டுமானால் ‘அஹத்’ குறி. உயிருக்கு முன்னும் அடைபட வேண்டுமானால் ‘பார்கா’ குறி. இவ்விரண்டையும் விட்டுவிட்டு எழுதினால் படிப்பவர் ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: நண்பர் அனுப்பிய சந்தாலிக் கோப்பு என் கணினியில் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. ஏன்?

பதில்: அது பழைய எழுத்துருவில் தட்டச்சானது. பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ்க் கோப்புக்கு நேர்வதே இதற்கும் நேர்ந்திருக்கிறது. அதே எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். தேடவோ இணையத்தில் இடவோ யுனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். ஒல் சிக்கி 2008-இல், யுனிகோடு 5.1-இல் சேர்ந்தது. எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் கோளாறு வேறு: உங்களிடம் எழுத்துரு இல்லை. ‘நோட்டோ சான்ஸ் ஒல் சிக்கி’ இலவசமாகக் கிடைக்கிறது.

கேள்வி: ரகுநாத் முர்மு சட்டமன்ற உறுப்பினராக இருந்தாரா? நாடாளுமன்றத்தில் சந்தாலியில் பேச அனுமதி உண்டா?

பதில்: ரகுநாத் முர்மு இருந்ததில்லை. ராய்ரங்பூரிலிருந்து சட்டமன்றம் சென்ற முர்மு, இன்றைய குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு. 2000-இலும் 2004-இலும் வென்றார்.

சந்தாலி, 2003-ஆம் ஆண்டின் 92-ஆவது திருத்தத்தால் அரசியலமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றது. ஆனால் அட்டவணையில் சேர்ந்த உடனே அவையில் ஒலித்துவிடவில்லை. மொழிபெயர்ப்பாளர் அமர்ந்தால்தான் மற்றவர்களுக்குப் புரியும். மாநிலங்களவையில் அந்த வசதி சந்தாலிக்கு 2018-இல்தான் வந்தது. பேச விரும்புபவர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 2019 டிசம்பரில் ஒடிசாவின் சரோஜினி ஹெம்பிரம் முதன்முதலாக அங்கே சந்தாலியில் பேசினார். அவர் கேட்டது ரகுநாத் முர்முவுக்குப் பாரத ரத்னா.