சிவந்த உமரி, பச்சை உமரி

அண்ணாச்சிக்கு வணக்கம். பழையகாயல் பக்கம் உப்பளத்து வரப்புல ஒரு சின்னச் செடி, மார்கழியில பாத்தப்ப நல்ல பச்சை. பங்குனியில போனா அதே எடத்துல குங்குமமா செவந்து நிக்கி. ரெண்டும் வேற வேறயா? அங்க யாரைக் கேட்டாலும் உமரின்னு ஒரே வார்த்தைதான். ரெண்டு போட்டோ அனுப்பிருக்கேன். திங்கலாமா?

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள தம்பி,

ரெண்டும் ஒண்ணுதான். நிறத்தை வச்சு உமரியைப் பிரிக்கப் போனா கடைசி வரைக்கும் குழப்பந்தான். மழை பெஞ்சு வரப்பைக் கழுவிவிட்ட மாசத்துல பச்சையா நிக்கும், வெயில் ஏறி மண்ணுல உப்பு பூத்ததும் செவந்துரும், அந்தச் செவப்பு பீட்ரூட்ல இருக்க அதே வகைச் சாயம், பீட்ரூட்டும் பாலக்கும் சக்கரவர்த்திக் கீரையும் இதுக்குப் பங்காளிங்க. 1998-ல வந்த புது வகைப்பாட்டுல இந்தக் குடும்பத்தையே தண்டுக்கீரைக் குடும்பத்தோட சேத்துட்டாங்க.

நீங்க பாக்க வேண்டியது இலை இருக்கா இல்லியான்னு. நம்ம கடக்கரையில உமரிங்கது ஒரே செடியோட பேரு இல்ல. ஒண்ணுல இலைன்னு சொல்ல ஒண்ணுமே தெரியாது, தண்டு பூரா கணு கணுவா பச்சைப் பாசிமணி கோத்த மாதிரி இருக்கும், அது சாலிகார்னியா. உங்க போட்டோவுல இலை நல்லா தெரியுது, சதைப்பத்தா, உருட்டுன மாவுத்திரி கணக்கா, மேல்பக்கம் லேசா தட்டையா, தண்டுல மாத்தி மாத்தி வந்துருக்கு. அப்ப இது சுவைடாங்கற வகை உமரி. இலை ஜோடியா எதிரெதிரா வந்து ரோஸ் கலர்ல நட்சத்திரப் பூ இருந்தா செசுவியம், அது இந்தக் குடும்பமே கெடையாது.

இன்னும் உறுதி வேணும்னா விதையைப் பாருங்க. இலை இடுக்குல கடுகளவு பச்சைப் பூ ஒட்டிக்கிட்டிருக்கும், காஞ்சதும் கசக்குனா கறுப்பா பளபளன்னு விதை வரும். ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு காலையில ஊசியால தோலை உரிச்சு லென்ஸ் வச்சுப் பாத்தா, உள்ள கரு கொசுவத்திச் சுருள் மாதிரி தட்டையா சுருண்டு கெடக்கும். சாலிகார்னியாவுல இந்தச் சுருள் வராது, மடங்கித்தான் இருக்கும். மொதல் தடவை அதைப் பாத்த அன்னைக்கு நான் லென்ஸைக் கீழ வைக்கவே இல்ல தம்பி.

தாராளமா திங்கலாம். பச்சையா இருக்கயில கொழுந்தாக் கிள்ளி, நிறைய தண்ணியில வேகவச்சு வடிச்சுக் கொட்டிட்டு, பாசிப்பருப்பும் தேங்காப்பூவும் போட்டு வதக்குங்க, உப்பு மட்டும் போட்டுராதீங்க. பிரஷர் உள்ளவங்க தொட வேண்டாம். ஆலைக்கழிவு ஓடுற ஓடைக்கரையிலயும் பறிக்காதீங்க, மண்ணுல கெடக்கதை எல்லாம் இது உள்ள இழுத்துக்கும்.

சுவைடாவுலயே இது மாரிடிமாங்கற இனமா நூடிஃப்ளோராங்கற இனமான்னு இந்தப் போட்டோவை வச்சு சொல்ல மாட்டேன். பூத்த நுனியைக் கிட்டக்க வச்சு ஒண்ணு எடுத்து அனுப்புங்க.