பத்துப் பேர் காத்த கால் இறுதி: ஹாக்கி கேள்வி பதில்

பாரிஸ் ஒலிம்பிக் ஹாக்கி கால் இறுதி. 2024 ஆகஸ்ட் 4, இந்தியாவுக்கு எதிரில் கிரேட் பிரிட்டன். தோற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டிய ஆட்டம். 17-ஆம் நிமிடத்தில் நம் டிஃபெண்டர் அமித் ரோஹிதாஸ் ரெட் கார்டு வாங்கி வெளியேறினார். மீதி நேரம் முழுக்கப் பத்துப் பேரோடு நின்று 1-1 என்று முடித்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோம். இந்த ஆட்டத்தைப் பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். பள்ளியில் டிஃபென்ஸில் ஆடியவன் நான். என் கண் முதலில் அங்கேதான் போகும்.

பாலக்கோடு, கல்லூரி மாணவர்: அண்ணா, ஊரே கோல்கீப்பர் ஸ்ரீஜேஷைக் கொண்டாடுகிறது. நீங்கள் மட்டும் டிஃபென்ஸைப் பற்றியே பேசுகிறீர்கள். ஷூட் அவுட்டில் தடுத்தது ஸ்ரீஜேஷ்தானே?

அவர்தான் தம்பி. ஸ்ரீஜேஷை எவ்வளவு கொண்டாடினாலும் தகும். ஆனால் ஷூட் அவுட் வரைக்கும் ஆட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது யார் என்று பாருங்கள். 17-ஆம் நிமிடத்திலிருந்து 60 வரை, கிட்டத்தட்ட 43 நிமிடம் ஓர் ஆள் குறைவு. ஹாக்கியில் ஆஃப்சைடு கிடையாது. எதிரணி ஃபார்வர்டு நம் கோலுக்கு முன்னாலேயே நின்றுகொண்டு பந்துக்குக் காத்திருக்கலாம். அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஓர் ஆள் குறைந்தால் எதிரணியில் யாராவது ஒருவர் எப்போதும் மார்க் இல்லாமல், அதாவது ஒட்டி நின்று காக்க ஆள் இல்லாமல், நிற்பார். அவரிடம் பந்து போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முழு வேலையும்.

நம்மவர்கள் செய்தது இதுதான். ஓரங்களை விட்டுக்கொடுத்தார்கள், நடுவை விடவில்லை. பிரிட்டன் பந்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தது. நம் வரிசை மொத்தமும் அதோடு நகர்ந்து நகர்ந்து நடுவை அடைத்தது, கடைமடையில் தண்ணீர் பாயப் பாய மண் அணைக்கிற மாதிரி. நடுக்களத்தில் ஆடும் மன்பிரீத் சிங் பின்னால் இறங்கி ரோஹிதாஸ் விட்டுப்போன இடத்தைப் பிடித்துக்கொண்டார். ஃபார்வர்டுகள் பாதிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து டேக்கிள் செய்தார்கள். பெயர் வாங்காத வேலை அது. டிவியில் ரீப்ளேகூட போட மாட்டார்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். ஆள் குறைந்த பிறகுதான் நாம் கோலே போட்டோம். 22-ஆம் நிமிடத்தில் பெனால்டி கார்னர் (எதிரணி தன் கோலருகே தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்பு), ஹர்மன்பிரீத் சிங் அடித்தார். 27-ஆம் நிமிடத்தில் பிரிட்டனின் லீ மார்டன் சமன் செய்தார். அதற்கப்புறம் அரை மணி நேரத்துக்கு மேல் பிரிட்டன் எவ்வளவோ முட்டியும் இரண்டாவது கோல் விழவில்லை. எனக்கு அந்த வெற்றி அங்கேயே தொடங்கிவிட்டது.

ஓசூர், தொழிற்சாலைப் பணியாளர்: பத்துப் பேர் 43 நிமிடம் ஓடினால் மூச்சு வாங்காதா? எப்படித் தாங்கினார்கள்?

நல்ல கேள்வி. ஹாக்கியில் ஆட்டம் நடக்கும்போதே எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஒலிம்பிக் அணியில் 16 பேர். களத்தில் 11, வெளியே 5. ரெட் கார்டுக்குப் பிறகு ஆடக்கூடியவர்கள் 15 பேர், களத்தில் 10, வெளியே அதே 5. ஓய்வெடுக்கும் ஆட்கள் குறையவில்லை, களத்தில் ஓட வேண்டிய தூரம்தான் கூடியது. அதனால் அடிக்கடி மாற்றி மாற்றி இறக்க முடிந்தது. மாற்றும் அந்தச் சில நொடியில் ஒருவர் அசந்தாலும் கதை முடிந்துவிடும்.

அரூர், ஆசிரியர்: அந்த ரெட் கார்டு நியாயமா, ஐயா?

என் மனதுக்கு நியாயமாகப் படவில்லை. ரோஹிதாஸ் பந்தோடு நடுக்களத்தில் ஆட்களைத் தாண்டிப் போகும்போது அவருடைய ஸ்டிக் உயர்ந்து பிரிட்டன் வீரர் வில் கால்னனின் தலையில் பட்டது. பார்க்கவே ஆபத்தான அடிதான், தண்டனை கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அவர் கண் முழுக்கப் பந்து மேல் இருந்தது. வேண்டுமென்று ஓங்கியதாக எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் கார்டு கொடுத்து உட்கார வைத்திருக்கலாம். வீடியோ பார்த்துவிட்டு ரெட் கொடுத்தார்கள். பச்சை என்றால் 2 நிமிடம், மஞ்சள் என்றால் 5 அல்லது 10 நிமிடம் வெளியே. ரெட் என்றால் அந்த ஆட்டமே போச்சு. அடுத்த ஆட்டத்துக்கும் தடை வந்தது, அணி நிர்வாகம் மேல்முறையீடு செய்தும் பலிக்கவில்லை.

காவேரிப்பட்டணம், இல்லத்தரசி: தம்பி, எனக்கு ஹாக்கி தெரியாது. என் மகன் பார்க்கும்போது கூட உட்கார்ந்தேன். அந்த ஷூட் அவுட் மட்டும் புரியும்படி சொல்லுங்களேன்.

சொல்கிறேன் அக்கா. ஒரு பக்கம் அஞ்சு பேர், மாற்றி மாற்றி வருவார்கள். பந்து கோலிலிருந்து 23 மீட்டர் தள்ளி இருக்கும் கோட்டில். கோல்கீப்பர் கோல் கோட்டில். விசில் ஊதியதும் இருவரும் நகரலாம். 8 நொடிக்குள் பந்து கோலுக்குள் போக வேண்டும். கால்பந்து மாதிரி நின்ற இடத்திலிருந்து ஒரே உதை இல்லை. ஓடலாம், ஏமாற்றலாம், முதலில் அடித்தது கோல்கீப்பர் மேல் பட்டுத் திரும்பினால் நேரம் இருக்கும்வரை மறுபடியும் அடிக்கலாம்.

இதில் கோல்கீப்பரின் வித்தை பந்தைத் தடுப்பதில் மட்டும் இல்லை, நேரத்தைத் தின்பதில் இருக்கிறது. ஸ்ரீஜேஷ் கோட்டைவிட்டு முன்னால் வந்து நிற்பார். உடனே கீழே விழ மாட்டார். கீழே விழுந்த கோல்கீப்பரைச் சுற்றிப் போய்விடலாம். நின்றுகொண்டிருப்பவரை என்ன செய்வது? வருகிறவர் வலது பக்கம் போவதா இடது பக்கம் போவதா என்று யோசிப்பதற்குள் மூன்று நான்கு நொடி போய்விடும். கோணம் சுருங்கிக்கொண்டே வரும்.

அன்றைக்கு பிரிட்டனின் முதல் இரண்டு பேர், ஆல்பரியும் வாலஸும், கோல் போட்டார்கள். நம் பக்கம் ஹர்மன்பிரீத்தும் சுக்ஜீத்தும் போட்டார்கள். 2-2. மூன்றாவதாக வந்த கானர் வில்லியம்சன் பந்தைக் கோலுக்கு மேலே தூக்கிவிட்டார். முன்னால் ஓர் ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றால் கை அப்படித்தான் பதறும். லலித் உபாத்யாய் போட்டார், 3-2. நான்காவது ஃபில் ரோப்பர். அவரை ஸ்ரீஜேஷ் தடுத்தே விட்டார். பிறகு ராஜ்குமார் பால் வந்து முடித்தார், 4-2. ஐந்தாவது ஆள் தேவைப்படவே இல்லை. நாலு பேரும் தவறவிடாமல் போட்டார்கள் என்பதையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை: அன்றைக்கு எங்கே பார்த்தீர்கள்?

வீட்டில்தான். ஆடிப்பெருக்குக்கு மறுநாள், ஆடி அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை. மதியம் ஒன்றரைக்கு ஆட்டம். படையல் போட்டுக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். ரெட் கார்டு வந்ததும் இலையில் இருந்த வடையை யாரும் தொடவில்லை.

கிருஷ்ணகிரி, பத்தாம் வகுப்பு மாணவி: அண்ணா, நான் ஸ்கூல் டீமில் ஹாஃப் பேக். எங்கள் கிரவுண்டு மண் தரை. செயற்கைத் தரையான டர்ஃபில் ஆடுகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நான் தேறுவேனா?

ஏன் தேறாமல், கண்ணு? 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் செயற்கைத் தரையே வந்தது. அதுவரை நம் நாடு வாங்கிய தங்கம் எல்லாம் புல் தரையில் வாங்கியது. மண் தரையில் பந்து எகிறும், எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. அதில் பந்தை நிறுத்திப் பழகியவர்களுக்குக் கண்ணும் கையும் கூர்மையாக இருக்கும். டர்ஃபில் வேகம் அதிகம், அதற்கு உடம்பைத் தாழ்த்தி ஸ்டிக்கைத் தரையோடு வைக்கப் பழகு. முழங்காலை மடக்கு, முதுகை மட்டும் வளைக்காதே.

ஹாஃப் பேக் என்றதால் ஒன்று சொல்கிறேன். அந்தக் கால் இறுதியைத் திரும்பப் பார். பந்து உள்ளவரிடம் நம்மவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று கவனி. நேராகப் பாய மாட்டார்கள். இரண்டு மூன்று அடி தள்ளி, பக்கவாட்டில் உடம்பைத் திருப்பி, அவரை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போவார்கள். அவர் பந்தை ஸ்டிக்கிலிருந்து கொஞ்சம் விலக்கும் நொடியில்தான் கை நீளும். இதைப் பழக டர்ஃப் வேண்டாம், ஒரு தோழி போதும். ஷின் கார்டும் பல்லுக்கு மவுத் கார்டும் இல்லாமல் மட்டும் இறங்காதே.

தர்மபுரி: பாரிஸ் அணியில் தமிழ்நாட்டு வீரர் ஒருவர்கூட இல்லையே?

இல்லை, எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. 1980 மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணிக்குத் தலைவர் நம்ம வாசுதேவன் பாஸ்கரன். அரியலூர் கார்த்தி செல்வம் 2023-இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை வென்ற அணியில் இருந்தார். அந்த இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி 4-3 என்று மீண்டோம். கோவில்பட்டி மாதிரி தெருவுக்குத் தெரு ஸ்டிக் பிடிக்கிற ஊர் நம் பக்கத்திலும் உருவாக வேண்டும். தேசிய அணி பயிற்சி எடுக்கும் சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) மையம் பெங்களூருவில்தான் இருக்கிறது. ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. பள்ளிகள் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப்போய், அங்கே ஒரு நல்ல ஆட்டத்தை நேரில் காட்டினாலே பெரிய விஷயம்.

பென்னாகரம்: ஷூட் அவுட்டில் பிரிட்டன் கோல்கீப்பர் டேப்லெட் பார்த்தார் என்று ஒரு பேச்சு வந்ததே?

ஹாக்கி இந்தியா அதையும், வீடியோ அம்பயர் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை என்பதையும் முறைப்படி புகாராகவே கொடுத்தது. ஜெயித்த பிறகு கொடுத்த புகார் என்பதால் அதற்கு மதிப்பு கூடுதல் என்பது என் எண்ணம்.

பர்கூர்: ரோஹிதாஸ் இருந்திருந்தால் ஜெர்மனியிடம் அரை இறுதியில் ஜெயித்திருப்போமா?

அப்படி உறுதியாகச் சொல்ல மாட்டேன். 2-3, கடைசிக் கோல் 54-ஆம் நிமிடத்தில் விழுந்தது, அவ்வளவு நெருக்கமான ஆட்டம். ஆனால் பெனால்டி கார்னரில் முதல் ஆளாகப் பாய்ந்து போய் டிராக் ஃப்ளிக்கை, அதாவது ஸ்டிக்கால் பந்தை இழுத்து வீசும் அடியை, எதிர்கொள்பவர் ரோஹிதாஸ். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்தை நோக்கி ஓடுகிற வேலை. ஜெர்மனியிடம் கொன்சாலோ பெய்லாட் மாதிரி ஃப்ளிக்கர் இருக்கும்போது அந்த ஆள் இல்லாதது வலித்தது. பெய்லாட்டும் அன்று ஒரு கோல் போட்டார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ரோஹிதாஸ் திரும்பி வந்தார், ஸ்பெயினை 2-1 என்று வென்றோம். ஸ்ரீஜேஷுக்கு அதுதான் கடைசி ஆட்டம்.

பாலக்கோடு மாணவர் மறுபடியும்: அஞ்சு பேரும் போட்டுச் சமமாக இருந்தால் என்ன ஆகும், அண்ணா?

அதே அஞ்சு பேர் மறுபடியும் வருவார்கள், வரிசையை மாற்றிக்கொள்ளலாம். இப்போது ஒன்றுக்கு ஒன்று. ஒருவர் போட்டு அடுத்தவர் தவறினால் அங்கேயே முடிந்தது. முதல் சுற்றில் முதலில் அடித்த அணி இந்தச் சுற்றில் இரண்டாவதாக அடிக்கும்.