பெயிண்ட் பேடா, ரோலரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுக்குச் சொந்தமாக வண்ணம் பூச முனையும் வாசகர்கள் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து அனுப்பிய கேள்விகளில், அடிப்படை வேறுபாடுள்ள ஆறினைத் தேர்ந்தெடுத்துப் பதில் தந்திருக்கிறேன். எந்தக் கருவி சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல இயலாது. சுவரின் முகம் எப்படி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே கருவியைப் பற்றிப் பேச முடியும்.

புதிதாகப் பட்டி (சுவரைச் சமமாக்கும் மாவுப்பூச்சு) பார்த்த 10-க்கு 12 அடி படுக்கையறைக்கு நாங்களே எமல்ஷன் (தண்ணீர் கலக்கும் சுவர்ப் பெயிண்ட்) அடிக்க இருக்கிறோம். பெயிண்ட் பேட் இருந்தால் ரோலரே வேண்டாம் என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். வாங்கலாமா? (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி)

வாங்குங்கள், ஆனால் ரோலருக்குத் துணையாக மட்டும் வாங்குங்கள். பேட் என்பது ஒரு தட்டையான பிளாஸ்டிக் தகட்டில் ஃபோம் ஒட்டி, அதன்மேல் மிகக் குட்டையான இழைகள் கொண்ட துணியைப் பதித்த கருவி. அது பெயிண்டை உருட்டாமல் தடவிச் செல்வதால் தரையிலும் முகத்திலும் தெறிப்பதில்லை. பூச்சும் வழவழப்பாக விழுகிறது. அதே காரணத்தால் அது ஏந்திக்கொள்ளும் பெயிண்டும் குறைவு, சுவரில் விடும் படலமும் மெல்லியது. அடர்ந்த பழைய நிறத்தின்மேல் வெளிர்நிறம் ஏற்றும்போது ரோலரில் இரண்டு கோட்டில் (ஒரு முறை முழுவதும் பூசுவது ஒரு கோட்) முடிகிற வேலை பேடில் மூன்று கோட்டுக்கு நீள்வது வழக்கம்.

உங்கள் அறையையே கணக்கிடுவோம். சுற்றளவு 44 அடி. உயரம் 10 அடி என்றால் 440 சதுர அடி. கதவு, ஜன்னல்களைக் கழித்தால் ஏறத்தாழ 400 சதுர அடி மிஞ்சும். பட்டி பார்த்த சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 70 சதுர அடி வரும் என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கு ஆறு லிட்டருக்குச் சற்று அதிகமாகத் தேவைப்படும். இந்த அளவைச் சிறிய பேடால் தடவி முடிப்பதற்குள் தோள்பட்டை ஓய்ந்துவிடும். அதைவிட முக்கியமாக, முதலில் தடவிய ஓரம் காய்ந்த பிறகு அடுத்த தடவல் அதன்மேல் ஏறி, பட்டை பட்டையாகத் தெரியும். ஆகவே பெரும்பரப்புக்கு 9 அங்குல ரோலரை, 9 முதல் 12 மில்லிமீட்டர் இழையுள்ள உறையுடன் பயன்படுத்துங்கள்.

பேடின் உண்மையான இடம், சுவரும் சீலிங்கும் சேரும் கோடு, கதவுச்சட்டத்தின் ஓரம், சுவிட்ச் பெட்டியைச் சுற்றிய இடம் ஆகியவையே. பெயிண்டர்கள் பிரஷ்ஷால் கட்டிங் எடுக்கும் அந்த வேலையைக் கைப்பழக்கம் இல்லாதவர்களும் நேர்த்தியாகச் செய்ய, ஓரத்தில் சிறு சக்கரங்கள் வைத்த பேட் பெரிதும் உதவும். பேடைத் தட்டிலுள்ள பெயிண்டில் அமிழ்த்தக் கூடாது. இழை மட்டும் நனையும்படி மேலாகத் தொட்டு, தட்டின் விளிம்பில் வழித்துவிட்டு, ஒரே திசையில் இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறை தொட்ட பின்பும் சக்கரங்களை ஈரத்துணியால் துடையுங்கள். சக்கரத்தில் ஒட்டிய ஒரு சொட்டுப் பெயிண்ட் போதும், வெள்ளைச் சீலிங்கில் நீளமான கோடு விழுந்துவிடும்.

இன்னும் இரண்டு செய்திகள். பட்டியைத் தேய்த்த தூசி சுவரில் மாவுபோல் படிந்திருக்கும். அதைத் துடைத்து, பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடித்துக் காயவிட்ட பிறகே பேடைத் தொட வேண்டும். இல்லையென்றால் குட்டை இழைகளில் அந்தத் தூசி அப்பிக்கொண்டு, தடவிய இடமெல்லாம் கீறல் விழும். அடுத்து, அறை முழுவதற்கும் முதலில் ஓரம் எடுத்துவிட்டு மறுநாள் ரோலர் ஓட்டுவது தவறு. பேட் தடவிய இடம் வழவழப்பாகவும் ரோலர் ஓடிய இடம் நுண்ணிய புள்ளிகளோடும் இருக்கும். அந்த வேறுபாடு சட்டம் போட்டதுபோல் தெரியும். ஒரு சுவருக்கு ஓரம் எடுத்தவுடன், அது ஈரமாக இருக்கும்போதே, ரோலரை ஓரத்துக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருக்கி ஓட்டிவிட்டு, அதன் பிறகு அடுத்த சுவருக்குப் போங்கள்.

எங்கள் வீடு கடலுக்கு நேர் எதிரே இருக்கிறது. வெளிச்சுவர் பட்டி பார்க்காத சொரசொரப்பான சிமெண்ட் பூச்சு. இதற்குப் பேட் பயன்படுமா? (குளச்சல்)

பயன்படாது. பேடின் இழை மேடுகளை மட்டும் தொட்டுச் செல்லும்; பள்ளங்கள் சிமெண்ட் நிறத்திலேயே நிற்கும், இழையும் விரைவில் கிழியும். 18 மில்லிமீட்டருக்குக் குறையாத நீள இழை ரோலரை எடுத்து, முதல் கோட்டைக் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தி ஓட்டுங்கள். ரோலரும் எட்டாத குழிகளுக்கு 4 அங்குலப் பிரஷ் வேண்டும்.

உங்கள் சுவரைப் பொறுத்தவரை கருவியைவிடக் கழுவுதலே முதன்மையானது. கடற்காற்றில் வந்து படியும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. அதன்மேல் பெயிண்ட் அடித்தால் படலத்துக்குக் கீழே ஈரம் தங்கி, பெயிண்ட் கொப்புளித்து உரியும். பழைய பூச்சின் தளர்ந்த பகுதிகளைச் சுரண்டி, பாசியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரால் சுவரை மேலிருந்து கீழாகக் கழுவி, முழுவதும் உலர விடுங்கள். கிணற்றுநீர் உவர்ப்பாக இருந்தால் கழுவுவதற்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

காற்றும் கவனிக்க வேண்டிய ஒன்று. வேகமாக உருட்டும் ரோலரிலிருந்து நுண்துளிகள் பறக்கும். காற்று பலமாக வீசும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்து வாசகர்கள் ஆனி, ஆடி மாதங்களில் வெளிச்சுவருக்கு ரோலர் ஓட்டினால், பக்கத்து வீட்டு வண்டியும் புள்ளி புள்ளியாகிவிடும்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு, நவம்பரில் உள்வேலையை முடிக்க நினைக்கிறோம். பின்சுவரில் அடியிலிருந்து ஓதம் ஏறி உப்புப் பொரிந்திருக்கிறது. பேடால் மெல்லியதாக அடித்தால் விரைவில் காய்ந்து நிற்குமா? (திங்கள்நகர்)

நிற்காது. மெல்லிய படலம் விரைவில் காய்வது உண்மைதான், ஆனால் உங்கள் சுவரில் ஈரம் பூச்சின் மேலிருந்து வரவில்லை, சுவருக்குள்ளிருந்து வருகிறது. பேடாயினும் ரோலராயினும் அந்தப் பெயிண்டை உப்பு தள்ளிவிடும். ஓதத்துக்குக் காரணம் வெளியே மண் உயர்ந்து நிற்பதா, குழாய்க் கசிவா, கூரைநீர் சுவரடியில் விழுவதா என்று முதலில் கண்டறிந்து சரிசெய்ய வேண்டும்.

நமது மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கிடைப்பதால், சுவர் நன்றாக உலர்ந்து கிடக்கும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரைதான். பெருநாளுக்கு வீடு பொலிவாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் எனக்கும் புரிகிறது. ஆகவே உலர்ந்திருக்கும் முன்னறையை மட்டும் நவம்பரில் முடித்துவிட்டு, பின்சுவரைப் பிப்ரவரிக்கு ஒத்திவையுங்கள். மழை நாளில் இரண்டு கோட்டுக்கு இடையே டின்னில் சொன்ன நேரத்தைப் போல இருமடங்கு காத்திருப்பது நல்லது. மின்விசிறி சுழல, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ரோலரில் அடித்த வரவேற்பறைச் சுவர் பகலில் நன்றாக இருக்கிறது; மாலை வெயில் சாய்வாக விழும்போது கோடு கோடாகத் தெரிகிறது. பேடால் மேலே ஒரு கோட் தடவினால் மறையுமா? (நாகர்கோவில்)

அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பாருங்கள். விரலுக்கு மேடு தட்டுப்பட்டால், ரோலரின் ஓரத்தில் தேங்கிய பெயிண்ட் அழுத்தம் காரணமாக வழிந்து காய்ந்திருக்கிறது. அதை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்காமல் எதைத் தடவினாலும் மேடு மேடாகவே இருக்கும். மேடு இல்லாமல் நிறம் மட்டும் மாறித் தெரிந்தால், காய்ந்த ஓரத்தின்மேல் அடுத்த பட்டை ஏறியிருக்கிறது என்று பொருள்.

இரண்டுக்கும் மருந்து, தேய்த்த பிறகு ரோலராலேயே இன்னொரு கோட். சாய்வெளிச்சம் விழும் சுவரில் பேட் தடவலின் இணைப்புகள் இன்னும் துலக்கமாகத் தெரியும் என்பதால் அங்கே நான் பேடைப் பரிந்துரைப்பதில்லை. சீலிங்கிலிருந்து தரைவரை ஒரு பட்டையாக இறங்கி, அது ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு பட்டையையும் முடிக்கும்போது, பெயிண்ட் தீர்ந்த ரோலரை அழுத்தம் கொடுக்காமல் மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுத்து விடுங்கள். சுவர் முழுவதையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். இடையில் சாப்பிடப் போகலாகாது.

பாட்டனார் காலத்துப் பலாமரக் கதவுக்கும், ஜன்னல் கம்பிகளுக்கும் எனாமல் அடிக்க எது நல்லது? (தக்கலை)

கம்பிகளுக்குப் பிரஷ் மட்டுமே. உருண்டையான பரப்பில் பேடும் ரோலரும் பயனற்றவை. கதவின் தட்டையான பலகைகளுக்குப் பேட் மிக நேர்த்தியாக வேலை செய்யும். ஆனால் தின்னர் (எண்ணெய் பெயிண்டை இளக்கும் திரவம்) கலந்த எனாமலில் சில பேடுகளின் பசை இளகி, துணி கழன்றுவிடும். எண்ணெய் பெயிண்டுக்கும் ஏற்றது என்று உறையில் குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள்; கிடைக்காவிட்டால் 4 அங்குலச் சிறு ரோலரை 4 முதல் 6 மில்லிமீட்டர் இழையுடன் ஓட்டி, உடனே நல்ல பிரஷ்ஷின் நுனியால் மர இழை ஓடும் திசையில் மெதுவாக வருடிவிடுங்கள்.

இதில் நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய கதவின் எனாமலில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி பறக்க விடாதீர்கள். தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்து, கசடைத் துணியால் ஒற்றியெடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அந்த வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இருக்கக் கூடாது.

பழைய ஓட்டு வீட்டுச் சுவரில் பல வருடச் சுண்ணாம்பு இருக்கிறது. அதன்மேல் ரோலரால் எமல்ஷன் அடிக்கலாமா? வேலை முடிந்த பின் கருவிகளை எப்படிக் கழுவி வைப்பது? (குலசேகரம்)

உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளை ஒட்டினால், ஈர ரோலர் அந்தச் சுண்ணாம்பு ஏடுகளை உரித்தெடுத்து, அடுத்த சுற்றில் சுவரிலேயே கட்டி கட்டியாக அப்பிவிடும். தளர்ந்த சுண்ணாம்பு முழுவதையும் சுரண்டி, துடைத்து, பிரைமர் அடித்த பிறகே எமல்ஷன். மீண்டும் சுண்ணாம்பே அடிப்பதாக இருந்தால் பேட், ரோலர் இரண்டையும் விட்டுவிட்டு நார்ப் பிரஷ்ஷை எடுங்கள். நீர்த்த சுண்ணாம்பைப் பிடித்து வைக்கும் திறன் அதற்கே உண்டு. கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எமல்ஷன் தொட்ட கருவிகளை, ஒட்டியிருக்கும் பெயிண்டை முதலில் பழைய செய்தித்தாளில் வழித்துவிட்டு, வாளித் தண்ணீரில் தெளிவாகும்வரை அலச வேண்டும். ரோலர் உறையைச் செங்குத்தாக நிறுத்திக் காயவையுங்கள். படுக்க வைத்தால் ஒருபக்க இழை நசுங்கி அடுத்த முறை வரி விழும். பேடை இழை மேல்நோக்கி இருக்கும்படி நிழலில் வையுங்கள். இடையில் ஓரிரு மணி நேரம் நிறுத்துவதாக இருந்தால் கழுவத் தேவையில்லை. காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்தால் போதும். பெயிண்ட் கழுவிய தண்ணீரையும் தின்னரையும் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது. தின்னரை மூடிய புட்டியில் தெளியவிட்டால், மேலே நிற்கும் தெளிவை அடுத்த முறை பிரஷ் கழுவ எடுத்துக்கொள்ளலாம்.