கோடியக்கரையும் உப்பளமும் ஒரே நாளில்: வாசகர் கேள்வி – பதில்

வேதாரண்யத்து உப்பளங்களையும் கோடியக்கரை வன உயிரினச் சரணாலயத்தின் காடு, கடற்கரையையும் வழிகாட்டியுடன் ஒரே நாளில் பார்த்து வருவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: எட்டாம் வகுப்பு மாணவர்கள் நாற்பது பேரை அழைத்துப் போகிறோம். பூநாரையும் பார்க்க வேண்டும், உப்பு வாருவதையும் பார்க்க வேண்டும். எந்த மாதம் போகலாம்? (ஆசிரியர், கும்பகோணம்)

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஏறக்குறைய அந்த ஒரு மாதம்தான் கிடைக்கும்.

வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையில் சதுப்பு நிறைந்து, நவம்பர் முதல் ஜனவரி வரை கூட்டம் அதிகமாக இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் உப்பளம் மழைநீரில் மூழ்கிக் கிடக்கும். மழை ஓய்ந்த பிறகு, ஜனவரியில்தான் தேங்கிய நீரை வடித்துச் சேற்றை அள்ளி வரப்பைச் சீராக்குவார்கள். முதல் உப்பு கைக்கு வரப் பிப்ரவரி ஆகிவிடும். மே மாதம் போனால் உப்பு மலைபோல் குவிந்திருக்கும், சதுப்போ காய்ந்து வெடித்துப் பறவை ஒன்றும் இருக்காது. வெயிலும் பிள்ளைகள் தாங்கும் வெயிலாக இராது.

ஒரு எச்சரிக்கை: சில ஆண்டுகளில் ஜனவரி கடைசியிலும் மழை பிடித்துக்கொள்ளும். பாத்தியில் இருக்கும் உப்பை ஒரு நல்ல மழை கரைத்துவிட்டால், மறுபடி உப்பு எடுக்க ஒரு வாரமாவது ஆகும். பேருந்தை முன்பதிவு செய்வதற்கு முன்னால் உப்பளத்தில் ஒருவரிடம் பேசி, "வாரல் நடக்கிறதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேருந்துக்குக் கொடுத்த முன்பணத்தைவிட அந்த ஒரு தொலைபேசி அழைப்பு முக்கியம்.

கே: காலையில் காடு, மாலையில் உப்பளம் என்று திட்டமிட்டிருக்கிறோம். சரியா? (திருவாரூர்)

மாற்றிப் போடுங்கள். உப்பு வாரும் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறும் பத்து மணியளவில் முடிந்துவிடும். மாலையில் போனால் வெறும் பாத்தியும் குவியலும்தான் மிச்சம். சரணாலயத்துப் புல்வெளியில் மேயும் வெளிமான்கள் வெயில் தணிந்ததும் மூன்றரை மணிக்குமேல் மறுபடி புல்வெளிக்கு மேய வரும். தொழிலாளிக்காக வெயில் காத்திருக்காது, நீங்கள் மானுக்காக மாலை வரை காத்திருக்கலாம்.

கும்பகோணத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வருபவர்கள் அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் ஏழுக்குள் வேதாரண்யம் சேரலாம். சிற்றுண்டியை முடித்துக்கொண்டு அகஸ்தியன்பள்ளி உப்பளத்துக்குப் போங்கள். அது வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை செல்லும் சாலையிலேயே இருக்கிறது. நாற்பது பேர் என்றால் இருபது இருபதாகப் பிரியுங்கள். ஒரு குழு அளத்தில் இருக்கும்போது மற்றது உப்பு சத்தியாகிரக நினைவிடத்தில் இருக்கட்டும், ஒரு மணி நேரம் கழித்து இடம் மாறலாம். நாற்பது பேரும் ஒரே வரப்பில் நின்றால் பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும், வரப்பும் சரியும்.

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து புறப்பட்ட தொண்டர்கள் ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் வந்தார்கள், 30-ஆம் தேதி அகஸ்தியன்பள்ளியில் உப்பை அள்ளினார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு பாடப்புத்தகப் பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். வேறு சொற்பொழிவு தேவையில்லை.

பதினொன்றுக்குள் வேதாரண்யம் திரும்பினால் கோயிலையும் நடை சாத்துமுன் பார்த்துவிடலாம். "திருவாரூர்த் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு" என்ற சொலவடை பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டரை மணிக்குக் கோடியக்கரைக்குக் கிளம்புங்கள். பதினொரு கிலோமீட்டர்தான். இருட்டுவதற்குள் சரணாலயத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

ரயிலில் வர விரும்புகிறவர்களுக்கு: திருத்துறைப்பூண்டி – அகஸ்தியன்பள்ளி அகலப்பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஆனால் ஓடும் வண்டிகள் குறைவு, நேரமும் காலை வாரலுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: கடல்நீரைப் பாத்தியில் விட்டால் உப்பு தானாக வந்துவிடுமே, அதில் பார்க்க என்ன இருக்கிறது? (சேலம்)

பார்க்க வேண்டியதே அந்த "தானாக"வுக்குள்தான் இருக்கிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. நாம் சமையலில் போடும் சோடியம் குளோரைடு அதில் சுமார் 27 கிராம்தான். மிச்சத்தில் சுண்ணாம்பு, ஜிப்சம், மக்னீசிய உப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பாத்தியில் வற்றவிட்டால் கிடைப்பது கசப்பும் கரகரப்பும் கலந்த ஒரு பொருள், அது உணவுக்கு உதவாது. ஒவ்வொன்றும் வெவ்வேறு அடர்த்தியில் படியும் என்பதை வைத்துத்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

நீரின் அடர்த்தியை ஒரு கண்ணாடி மிதவைக் கருவியால் பார்ப்பார்கள், அதை "டிகிரி" என்பார்கள். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். முதல் தேக்கத்தில் சேறும் சுண்ணாம்பும் தங்கும். அடுத்தடுத்த பாத்திகளுக்கு நீர் நகர நகர டிகிரி ஏறும். பதின்மூன்று, பதினான்கு டிகிரியில் ஜிப்சம் படியத் தொடங்கும். இருபத்தைந்தைத் தொடும்போது முதலில் விட்ட நீரில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அப்போதுதான் அதை உப்புப் பாத்திக்குத் திறந்துவிடுவார்கள். இருபத்தைந்துக்கும் இருபத்தொன்பதுக்கும் இடையில் விழுவதுதான் நல்ல உப்பு. அதைத் தாண்டிய நீரில் மக்னீசியம் மிகுந்துவிடும். பேராசையில் அந்தக் கசப்பு நீரை வடிக்காமல் வற்றவிட்டால் உப்பு கசக்கும், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நசநசவென்று ஆகும். வீட்டு ஜாடியில் உப்பு ஒழுகிக்கொண்டே இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று தரை. பருவத்தின் தொடக்கத்தில் பாத்தியை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். தரை இளகலாக இருந்தால் உப்பு வாரும் பலகையை இழுக்கும்போது உப்போடு களிமண்ணும் வரும். வழிகாட்டியிடம் கேட்டு, நன்றாக மிதித்த பாத்தியின் உப்பையும் முதல் வாரல் உப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல். வாரும் கையையும் கவனியுங்கள். பலகையை ஒரேயடியாக அழுத்தாமல், தரையைத் தொட்டும் தொடாமலும் இழுக்கும் அந்த அளவு வந்துவிட்டால்தான் அவர் கைதேர்ந்தவர்.

வேதாரண்யம் பகுதியில் அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் ஊர்களில் சுமார் 9,000 ஏக்கரில் உப்பு விளைகிறது. உப்பு உற்பத்தியில் தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். பெரிய நிறுவனங்களின் அளங்களில் தொழிற்சாலைகளுக்கான உப்பு விளைகிறது. மாணவர்களுக்குக் காட்ட, கையால் வாரும் சிறு உற்பத்தியாளரின் அளமே சிறந்தது.

கே: சில பாத்திகளில் நீர் ரோஜா நிறத்தில் இருக்கிறது. சாயக்கழிவா? (புதுக்கோட்டை)

இல்லை. அதிக உப்பில் மட்டும் வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. வெயிலில் உடல் கருகாமல் இருக்க அவை செந்நிறமிகளை உண்டாக்கிக்கொள்கின்றன. அவற்றைத் தின்று உப்புநீர் இறால் என்னும் சிற்றுயிர் வளர்கிறது. நம் நகத்தைவிடப் பெரிதில்லை. அந்த இறாலைப் பூநாரை அலகைத் தலைகீழாக நீரில் வைத்து வடிகட்டித் தின்கிறது. பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், தின்னத் தின்னத்தான் சிவப்பேறும். உப்பளத்தையும் சரணாலயத்தையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான். இரண்டும் ஒரே நீரை நம்பி இருக்கின்றன. சதுப்பில் உப்பு அளவு மீறி ஏறினால் மீன் சாகும், மீன் தின்னும் பறவைகள் வேறிடம் தேடும். நன்னீர் வரத்து எந்த வாய்க்கால் வழியாக வருகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். நல்ல வழிகாட்டி அதற்கு அரை மணி நேரம் பதில் சொல்வார்.

கே: அளத்திலிருந்தே ஒரு மூட்டை கல் உப்பு வாங்கி வந்து சமைக்கலாமா? "இயற்கை உப்பு" என்கிறார்களே! (மதுரை)

அன்றாடச் சமையலுக்கு வேண்டாம். பாத்தியிலிருந்து வரும் உப்பில் அயோடின் சேர்க்கப்படவில்லை. அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கென விற்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. கடைக்கு வரும் உப்பில் பத்து லட்சத்துக்குப் பதினைந்து பங்காவது அயோடின் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் உள்ள வீட்டில் இதில் விளையாடக் கூடாது. அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை வருவது மட்டுமல்ல, குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும்.

உள்ளூர் உற்பத்தியாளருக்கு உதவ நினைத்தால் அவர்களிடமே அயோடின் கலந்து பொட்டலமிட்ட கல் உப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். உறையில் உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த மாதம் இரண்டும் இருக்க வேண்டும். ஊறுகாய்க்கும் அதையே போடலாம், அயோடின் ஊறுகாயைக் கறுக்கச் செய்யும் என்ற பயம் வேண்டாம். கல் உப்பைக் கரண்டியால் அளக்காமல் எடை போட்டுச் சேருங்கள். ஒரே கரண்டியில் தூள் உப்பைவிடக் கல் உப்பு எடை குறைவாகப் பிடிக்கும், அதனால்தான் பலருடைய ஊறுகாயில் உப்பு குறைந்து பூஞ்சை பிடிக்கிறது.

தரம் பார்க்க ஒரு எளிய வழி: கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பைக் கரைத்துப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மண் படலமாகப் படிந்தால் கழுவாத உப்பு. மீன் காயவைக்கவும் தென்னை மரத்தடியில் போடவும் அது போதும்.

கே: பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்க முடியுமா? பிள்ளைகள் கையில் எடுத்து விடலாமா? (நாகப்பட்டினம்)

பார்க்கலாம், ஆனால் தேதியை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆமைகள் ஜனவரி முதல் கரையேறி முட்டையிடும், ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டைகள் இருக்கும். நாயும் நரியும் பன்றியும் தோண்டிவிடுவதால் வனத்துறையினர் அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். பொரிக்க நாற்பத்தைந்து முதல் அறுபது நாள் ஆகும். அதனால் மார்ச் தொடங்கித்தான் வாய்ப்பு. குஞ்சு பொரித்த நாளில் அங்கே இருந்தால் பார்க்கலாம், அதற்காக வண்டி கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கையில் எடுக்கவே கூடாது. மணலில் தானே ஊர்ந்து கடலுக்குப் போக வேண்டும், அந்த ஊர்தலை நாம் மிச்சம் பிடித்துக் கொடுக்கக் கூடாது. கைப்பேசி விளக்கும் கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலின் திசையைக் கண்டுபிடிக்கின்றன, உங்கள் விளக்கு அவற்றைக் கரைப்பக்கம் திருப்பிவிடும். குஞ்சுகள் போகும் வழிக்கு இருபுறமும் நிற்காமல் எல்லோரும் பின்னால் நில்லுங்கள். காலடிக் குழியில் விழுந்த குஞ்சு ஏறி வர முடியாமல் தவிக்கும்.

கரையில் செத்த ஆமை கிடந்தால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறையிடம் சொல்லுங்கள்.

கே: கடலில் குளிக்கலாமா? குரங்குக்கும் குதிரைக்கும் பழம் கொடுக்கலாமா? (ஈரோடு)

இரண்டும் வேண்டாம். இங்கே வங்கக் கடலும் பாக் நீரிணையும் ஒரு முனையில் சந்திக்கின்றன, நீரோட்டத்தை நம்ப முடியாது. இது குளிக்கும் கடற்கரையும் அல்ல. 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். பழம் கொடுத்துப் பழக்கிய குரங்கு அடுத்த வண்டியில் வருபவரின் பையைப் பிடுங்கும்.

கே: வழிகாட்டியை எப்படிப் பிடிப்பது? எதைக் கொண்டு போவது? (சென்னை)

கோடியக்கரை வனச்சரக அலுவலகத்தில் ஒரு வாரம் முன்னதாகவே பேசுங்கள். கட்டணமும் வண்டி விதிகளும் மாறிக்கொண்டிருப்பதால், எத்தனை பேர், என்ன வண்டி, எத்தனை மணிக்கு என்று சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. உப்பளத்துக்கு அந்த அளத்துக்காரரின் அனுமதி தனியாக வேண்டும். அங்கே வழிகாட்டுபவர் அன்றைய வேலையை விட்டுவிட்டு வருகிறார் என்றால் அவருடைய ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். முகம் தெரியும்படி படம் எடுக்கும்முன் கேளுங்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர், தொப்பி, கறுப்புக் கண்ணாடி. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். அங்கேயே ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்களுக்குக் கண்பார்வை மங்குவதையும் பாதம் வெடிப்பதையும் பிள்ளைகள் கவனிக்கட்டும், விலை பேசும்போது அது நினைவில் வரும். காலில் புண் இருப்பவர்கள் வரப்பைவிட்டு இறங்க வேண்டாம். உப்புப் பாத்திக்குள் யாருமே செருப்போடு இறங்கக் கூடாது, ஒரு அழுக்குக் காலடி ஒரு கூடை உப்பைக் கெடுக்கும். திரும்பியதும் கைகால், கேமரா, வண்டிச் சக்கரம் எல்லாவற்றையும் துடைத்துக் கழுவுங்கள்.

மானைப் பார்க்க ஒரு இருநோக்கி போதும், நெருங்கிப் போக வேண்டியதில்லை. கறுத்த முதுகும் முறுக்குக் கொம்பும் உள்ளது கிடா. பழுப்பு நிறத்தில் கொம்பில்லாமல் இருப்பது பெட்டை. மேய்ந்துகொண்டிருக்கும் மான் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள், அதற்கு மேல் ஓரடியும் வைக்காதீர்கள்.